பிப்ரவரி இருபத்தேழாம் தேதித் தகடு

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்திருக்கிறாய் என்றால், மிச்சத்தையும் படித்துவிடு.

மாமா இறந்த அன்று வந்து, வாசலோடு திரும்பிப் போனேனே, அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னாலும் நாம் பேசிக்கொண்டது 'சாப்டியா', 'பஸ் கெடச்சுதா' என்ற அளவில்தான். ஆகையால் நலம் விசாரிக்கிற பாகத்தை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை, கடல் தாண்டிய ஒரு நாட்டில், ஒரு பேக்கரிக்காரர் அடுப்பு மூட்டப் போகும் வழியில் விருச்சிகத்தின் வால் பக்கம் புதிதாக ஒரு நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே மூன்று பேர் சரிபார்த்துவிட்டார்கள். மறுநாள் பெரிய தொலைநோக்கியில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். வெடித்துத் திடீரெனப் பளிச்சிடும் நோவாதான், சந்தேகமே இல்லை. அறிவிப்பு எங்கள் ஆய்வகத்துக்கும் வந்தது. அந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க, வழக்கம்போலப் பழைய வரைபடத்தை எடுத்து விரித்துக் குறித்தேன். பென்சில் அங்கேயே நின்றுவிட்டது.

கொடுக்கில் இருக்கும் ஜோடி நட்சத்திரத்திலிருந்து கிழக்கே இரண்டு விரல் தள்ளி, மூன்று மங்கல் நட்சத்திரங்கள் முக்கோணமாக நிற்கும் இடம். முப்பத்து மூன்று வருஷம் முன்னால் நீ சொன்ன அதே இடம், அக்கா.

சில நோவாக்கள் ஒரு தடவையோடு ஓய்வதில்லை. பக்கத்து நட்சத்திரத்திடமிருந்து வாயுவை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டு, பல வருஷம் கழித்து மறுபடி வெடிக்கும். அப்படிப்பட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதுவும் அந்த ரகமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடிகிறது. முந்தைய வெடிப்புக்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி, நீ பின்பக்கத்தில் படம் போட்டு நேரம் எழுதிய, உன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் டிரங்க் கால் சீட்டு. அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா?

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

சீட்டு என்னிடம் இல்லை. தூக்கக் கலக்கத்தில் எழுதியதை எல்லாம் யார் பத்திரப்படுத்தி வைப்பார்கள்?

போன் செய்யாமல் இருந்ததும் நல்லதுதான். முப்பது வருஷம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஊரையெல்லாம் பேச வைத்ததில் என் இடது காது போய்விட்டது. வலது காதை வேண்டியவர்களுக்கு வைத்திருக்கிறேன்.

பேக்கரிக்காரருக்கு என் வாழ்த்து. அவர் அரைத் தூக்கத்தில் பார்த்திருப்பார் என்று யாரும் சொல்லவில்லையா? அவருக்குத் தம்பி கிடையாது போலிருக்கிறது.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

கடைசி வரியை நாலு தடவை படித்தேன். எனக்கு வேண்டியதுதான்.

நான் வேலை பார்க்கும் அறையை நீ பார்த்ததே இல்லை. கூரைவரை இரும்பு அலமாரிகள். அவற்றில் அறுபது வருஷத்து வானம், கண்ணாடித் தகடுகளாக. ஃபிலிம் போல, கண்ணாடிமேல் ரசாயனம் பூசி எடுத்த படங்கள். நெகட்டிவ் என்பதால் வானம் வெளுத்திருக்கும், நட்சத்திரங்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும், மிளகுப் பொடி தூவினாற்போல. இப்போது யாரும் தகடு எடுப்பதில்லை. பழையதைப் பாதுகாக்கிறவன் நான் ஒருவன்தான், அதுவும் ஜூன் வரைக்கும். பிறகு ஓய்வு.

நேற்று ஒரு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கட்டடத்தில் எங்கோ ஜெனரேட்டர் ஓடி, கையிலிருந்த கண்ணாடி லேசாக அதிர்ந்தது. உடனே மனசு அச்சகத்து மாடிக்குப் போய்விட்டது. அம்மா போனபிறகு நாம் இருவரும் இருந்த அந்த ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடும்வரைக்கும் மேலே பைனாகுலர் நடுங்கும், வானமே குதிக்கும். பத்து மணிக்கு மெஷின் நின்றதும், "ம், இப்ப வா, சுண்டு" என்பாய். நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மளிகைக் கடையில் சர்க்கரை கட்டிக் கொடுத்த காகிதம் நட்சத்திரப் படமாக இருந்தது, அவ்வளவுதான். அதில் ஒட்டியிருந்த சர்க்கரைக்கு எறும்பு வரும். நான் ஒவ்வொரு எறும்பையும் காட்டி, "அக்கா, புது நட்சத்திரம்!" என்பேன். நீ ஊதித் தள்ளுவாய். காகிதத்தில் பாதி வானம்தான் இருந்தது. மிச்சப் பாதிக்கு நாமே பேர் வைத்தோம். துடைப்பம், ஒற்றைச் செருப்பு, கணக்கு வாத்தியார் மூக்கு. இன்றைக்கும் ஒற்றைச் செருப்பின் நிஜப் பேர் எனக்குச் சட்டென்று வராது.

சீட்டு இல்லாவிட்டால் போகட்டும். தேதி மட்டுமாவது நினைவிருந்தால் எழுது. பிப்ரவரி கடைசி என்று எனக்கு நினைவு. அப்போது நான் தகட்டைப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. தகடு மங்கலாக இருந்திருக்கலாம். மறுபடி தேடிப் பார்க்கிறேன்.

தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

சீட்டு இல்லை என்று எழுதினேனே, அது பொய். இருக்கிறது. மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

தேதி நினைவிருக்கிறதா என்று கேட்கிறாய். எனக்கு எல்லாமே நினைவிருக்கிறது.

பிப்ரவரி இருபத்தாறு, விடியற்காலை. இரவு ஷிஃப்ட். நாலே கால் மணிக்கு டீ இடைவேளை. எக்ஸ்சேஞ்ச் மொட்டை மாடிக்கு ஏறினேன். எங்கள் போர்டில் முந்நூறு துளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி பல்பு. எந்த மூலையில் எது எரிந்தாலும் கண் தானாக அங்கே போய் நிற்கும், தேட வேண்டியதே இல்லை. அன்றைக்கு வானத்திலும் அப்படித்தான் போய் நின்றது. எரியக் கூடாத ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கிரகமா என்று பார்த்தேன், அந்தப் பக்கம் எந்தக் கிரகமும் இல்லை. நகர்கிறதா என்று பார்த்தேன், நகரவில்லை. கீழே ஓடிப் போய் சூபர்வைசரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"அந்த மூணு புள்ளிக்கு நடுவுல நாலாவதா ஒண்ணு இருக்கு பாருங்க. அது முந்தாநாள் இல்ல."

"எனக்கு எல்லாமே புள்ளியாத்தான் தெரியுது. டீயைக் குடிச்சிட்டு வா, அஞ்சாம் லைன்காரன் கத்திட்டிருக்கான்."

அங்கேயே சீட்டின் பின்பக்கம் படம் போட்டேன். எந்த நட்சத்திரத்தைவிடப் பளிச்சென்று இருந்தது, எதைவிட மங்கல் என்று எழுதினேன். நேரம் நாலு இருபத்திரண்டு. எக்ஸ்சேஞ்ச் கடிகாரத்து நேரம். அது ஒரு நிமிஷம் பிசகினாலும் எங்களுக்கு மெமோ வரும். மறுநாளும் அதே நேரம் பார்த்தேன். இருந்தது, கொஞ்சம் மங்கியிருந்தது. அதற்கும் மறுநாளிலிருந்து நாலு நாள் மேகம். மேகம் விலகியபோது எதுவும் இல்லை.

அதைப் பார்த்த முதல் நாள் காலையே உனக்கு நானே லைன் போட்டேன். உன் ஹாஸ்டல் வார்டன் எடுத்து, "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஒரு நட்சத்திரம்" என்றேன். நீ வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். "அங்க தகடு எடுத்திருப்பாங்கள்ல, பாத்துச் சொல்றா" என்று கெஞ்சினேன். இரண்டு நாள் கழித்து நீ கூப்பிட்டாய். "பாத்துட்டேன்க்கா. அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல."

அதோடு விட்டிருக்கலாம். நான் சும்மா இருக்காமல் நம் ஊர் வானியல் சங்கத்துக்கு எழுதிப் போட்டேன். நீயும் ஊருக்கு வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைவர், அதுதான் அந்தப் பல் டாக்டர், என் கடிதத்தை உரக்கப் படித்துவிட்டு உன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே ஆய்வகத்துல இருக்கீங்க, என்ன சொல்றீங்க?" நாற்பது பேர் இருந்தார்கள். நீ என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "அக்காவுக்கு நைட் ஷிஃப்ட் சார். தூக்கக் கலக்கமா இருந்திருக்கும்."

அதற்குப் பிறகு சங்கத்தில் என் பேரே தூக்கக் கலக்கம் என்று ஆகிவிட்டது. 'தூக்கக் கலக்கம் வந்தாச்சா? கூட்டத்தை ஆரம்பிக்கலாம்.' இரண்டு மாதம் சிரித்துக்கொண்டே போனேன். மூன்றாவது மாதம் போகவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீ அன்றைக்குப் பார்த்த தகடு எது? இருபத்தாறா, இருபத்தேழா? அதில் அந்த மூன்று நட்சத்திரமும் தெளிவாக இருந்தனவா? அதை எழுது. பிறகு சீட்டைப் பற்றிப் பேசலாம்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

நான் பார்க்கவில்லை.

இந்த ஒரு வரியை எழுத ஐந்து நாள் ஆயிற்று. நான் எந்தத் தகட்டையும் பார்க்கவில்லை. அன்றைக்குத் தகட்டறைக்குப் போகவே இல்லை.

தகடு எடுக்க இயக்குநர் கையெழுத்து வேண்டும். நீ போன் செய்ததற்கு முந்தின வாரம்தான், யாரோ ஒருவர் எழுதிய கடிதத்தை அவர் கேன்டீனில் படித்துக் காட்டி, "மொட்டை மாடி விஞ்ஞானிகள் தொல்லை தாங்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவரிடம் போய், 'சார், எங்க அக்கா டெலிபோன் ஆபரேட்டர், அவங்க ஒரு நோவா பாத்திருக்காங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு தடவை அவர் கதவுவரை போய்த் திரும்பினேன். இரண்டாவது நாள் உனக்குப் போன் செய்து அந்தப் பொய்யைச் சொன்னேன். பல் டாக்டர் கேட்டபோது, அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று வேண்டியிருந்தது.

போன கடிதத்தில்கூட 'தகடு மங்கலாக இருந்திருக்கலாம்' என்று எழுதினேன் பார். அறுபது வயதிலும் அது தானாக வருகிறது.

நீ தேதி எழுதிய கடிதம் வந்த அன்றே அலமாரியைத் திறந்தேன். இருபத்தாறாம் தேதி எதுவும் எடுக்கவில்லை. இருபத்தேழு இருந்தது. விடியற்காலை நாலு பத்திலிருந்து நாலு நாற்பதுவரை திறந்து வைத்து எடுத்த தகடு. உறையில் 'எடுத்துப் பார்த்தவர்' என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்தும் இல்லை. முப்பத்து மூன்று வருஷமாக யாருமே பார்க்கவில்லை. என் மேஜையிலிருந்து பதினெட்டு அடி.

ஒளிப்பலகையில் வைத்து லென்ஸை நகர்த்தினேன். கொடுக்கு, இரண்டு விரல், முக்கோணம். நடுவில் நாலாவது புள்ளி. அதற்கு முந்தைய மாதத் தகட்டில் அது இல்லை. அடுத்த மாதத் தகட்டிலும் இல்லை. இடத்தை அளந்து பார்த்தேன். பேக்கரிக்காரர் கண்டதும் நீ கண்டதும் ஒரே நட்சத்திரம்.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 28

மூன்று வாரம் நான் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் என்ன வார்த்தை வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

நான் உன்மேல் கோபமாக இருந்தது நாற்பது பேர் முன்னால் நீ சொன்ன வார்த்தைக்கு. தகட்டைப் பார்த்தாய் என்பதை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. தம்பி பார்த்திருக்கிறான், இல்லை என்கிறான், அப்படியென்றால் இல்லைதான். அப்போது என் கண்தான் பொய் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு போர்டில் நம்பர் பார்க்கும்போதெல்லாம் பக்கத்துப் பெண்ணிடம், "இது ஆறா எட்டா?" என்று கேட்பேன். எரிகிற பல்பைக் காட்டி, "எரியுதுல்ல?" என்று கேட்பேன். சூபர்வைசர் பதவி வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மகள் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் மருந்தை அளந்துவிட்டு, மாமாவை எழுப்பி ஸ்பூனைக் காட்டுவேன். "எத்தனை தடவைடீ பாக்கறது?" என்பார். பைனாகுலரை எதிர் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் குதிரைப் பந்தயம் பார்க்க எடுத்துப் போனார்.

நீ வாயைத் திறந்து 'பயமா இருக்குக்கா' என்று சொல்லியிருந்தால், போடா கழுதை என்று இரண்டு திட்டு திட்டிவிட்டு நானே இயக்குநருக்கு லைன் போட்டிருப்பேன். எனக்கு என்ன, எந்த நம்பரும் மனப்பாடம்.

சீட்டைத் தபாலில் அனுப்ப மாட்டேன். உன்னிடம் நம்பிக் கொடுக்கவும் மாட்டேன். நானே கொண்டு வருகிறேன். அந்தத் தகட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும். உன் ஆட்கள் அங்கே இருக்க வேண்டும். நீ எனக்கு எழுதியதை அவர்களிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். முடியுமா முடியாதா என்று ஒரு வரி எழுது.

*

மே 3

அக்கா,

முடியும்.

சனிக்கிழமை பதினெட்டாம் தேதி வா. லிஃப்ட் வேலை செய்யவில்லை, இரண்டு மாடி ஏற வேண்டும். மெதுவாக ஏறலாம்.

தம்பி

*

மே 21

தம்பி,

வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மகள், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். "படி ஏறினேன், கண்ணாடி பாத்தேன், டீ குடிச்சேன்" என்றேன். அங்கே சொல்லாததை எழுதுகிறேன்.

நீ இவ்வளவு நரைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. படியில் எனக்காக நின்று நின்று ஏறினாய் என்று நினைத்தேன். இரண்டாவது மாடியில்தான் புரிந்தது, உனக்கும் மூச்சு வாங்குகிறது.

அந்தப் பெண், கண்ணாடி போட்ட விஞ்ஞானிப் பெண், சீட்டை இரண்டு கையாலும் வாங்கினாளே, அது எனக்குப் பிடித்திருந்தது. பின்பக்கம் படத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கமும் திருப்பினாள். "நம்பர் 47, மூணு நிமிஷம், அவசரம்னு போட்டிருக்கே, இது யாரும்மா?" என்றாள். "ஒரு வெல்லமண்டி முதலாளி, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்றேன். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

பிறகு நீ சொன்னாய். நான் எதிர்பார்த்தது, சுற்றி வளைத்து, 'அந்தக் காலத்தில் விதிமுறைகள்' என்று ஏதாவது இழுப்பாய் என்று. நீ எழுந்து நின்று, "இவங்க என் அக்கா. அப்பவே கேட்டாங்க. நான் பாக்காமலே பாத்தேன்னு சொன்னேன். அப்புறம் அவங்களைத் தூக்கக் கலக்கம்னும் சொன்னேன்" என்றாய். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உட்காருடா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ முடித்திருக்க மாட்டாய்.

அதன் பிறகு லென்ஸ். கண்புரை ஆபரேஷன் செய்த கண் வலது. அதை வைத்தேன். முதலில் எல்லாம் மிளகுப் பொடிதான். நீ கிட்ட வந்து காட்டப் போனாய். "நகரு, எனக்குத் தெரியும்" என்றேன். கொடுக்கைப் பிடித்து, கிழக்கே வந்து, முக்கோணம். நடுவில் இருந்தது. கறுப்பாக, குண்டாக, யாரையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எக்ஸ்சேஞ்ச் மாடியின் ஈரத் தரை, கையில் டீ டம்ளர் சூடு, முப்பத்து நாலு வயது, எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. அப்போது கீழே ஐந்தாம் லைன்காரன் கத்திக்கொண்டிருந்தான். அவன் கத்தட்டும் என்று இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். அதுதான் இப்போது வருத்தம்.

மன்னித்துவிட்டேனா என்று பஸ் நிலையத்தில் கேட்டாய். பஸ் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன். நீ என் இடது பக்கம் நின்றுகொண்டு கேட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. பதில் இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் இரண்டு இரவு நன்றாகத் தூங்கினேன். விளக்கை அணைத்தோமா என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம். தகட்டைப் பார்த்தபோது வழியில் வேறொன்றும் கண்ணில் பட்டது. மேல் மூலையில், நாம் ஒற்றைச் செருப்பு என்று சொல்வோமே, அதன் குதிகாலுக்குக் கீழே ஒரு புள்ளி. நம் காலத்தில் அங்கே எதுவும் கிடையாது. கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. என் கண் சரியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பார்த்துவிட்டுச் சொல், சுண்டு.

அக்கா

*

மே 29

அக்கா,

அறிவிப்பு நேற்று வெளியாகிவிட்டது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டே பத்தி. முந்தைய வெடிப்பை முதலில் கண்டவர் ஒரு தொலைபேசி ஆபரேட்டர், எக்ஸ்சேஞ்ச் மாடியிலிருந்து, இரண்டு விடியற்காலைகளில், வெறும் கண்ணால், என்று போட்டிருக்கிறார்கள். தகடு அதை உறுதி செய்கிறது என்றும், அந்தத் தகடு உரிய காலத்தில் பார்க்கப்படவில்லை என்றும் இருக்கிறது. அந்தக் கடைசி வரியை நான் எழுதினேன். விஞ்ஞானிப் பெண், "இது அவசியமா சார்?" என்றாள். அவசியம் என்றேன். பேக்கரிக்காரர் உனக்குச் சொல்லச் சொல்லி ஒரு வணக்கம் அனுப்பியிருக்கிறார். அவருக்கு மூன்று தம்பிகளாம்.

இனி நீ சொன்ன புள்ளி.

திங்கட்கிழமை காலை உன் கடிதம் வந்தது. படித்து முடித்த கையோடு தகட்டை எடுத்தேன். நீ சொன்ன இடத்திலேயே இருந்தது, குதிகாலுக்குக் கீழே. முந்தைய மாதத் தகட்டை வைத்துப் பார்த்தேன், அதில் இல்லை. உடனே உனக்குத் தந்தி கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது, தந்தியே இப்போது கிடையாது என்பது மறந்துபோய். பிறகு பெரிய லென்ஸில் வைத்தேன். நட்சத்திரம் என்றால் விளிம்பு மெல்லக் கரைந்திருக்கும். இது வெட்டினாற்போல் இருந்தது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன், கண்ணாடியில் அதற்கு நிழல் விழுந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி பார்த்தேன். இன்று காலை எதுவும் சொல்லாமல் விஞ்ஞானிப் பெண்ணிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவளும் அதையேதான் சொன்னாள்.

தூசி, அக்கா. தகட்டைக் கழுவும்போது ஒட்டி உலர்ந்தது. உன் கண்ணில் பழுதில்லை, அங்கே புள்ளி இருக்கிறது. ஆனால் தூசிதான். வேறு மாதிரி எழுத எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

உறையின் 'எடுத்துப் பார்த்தவர்' கட்டத்தில் மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சுண்டு